சிடியில் இருக்கும் பாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது எப்படி?

போன மாதச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் மண்புழு உரம் பற்றி எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு நாலு பேர் வீட்டில் குழி வெட்டிவிட்டார்கள். நான் எழுதுவதையும் நாலு பேராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எதற்காக இந்தக் கட்டுரை?

2006-ஆம் ஆண்டு முளைப்பாரித் திருவிழாவில் நம் ஊர் அப்பத்தாமார் ஏழு பேர் பாடிய கும்மிப் பாட்டை ஒரு சிடியில் பதிந்து வைத்தார்கள். ஊருக்கே ஒரே ஒரு சிடிதான். பாடிய ஏழு பேரில் இப்போது இருப்பது இரண்டு பேர். முதல் அடி எடுத்துக் கொடுத்த அப்பத்தா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர்களுடைய பேத்தி நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வீட்டில் அப்பத்தாவின் போட்டோ இருக்கிறது. குரல் இந்தச் சிடியில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வருஷம் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்கு நாங்கள் கும்மி ஆடுகிறோம். ஆனால் மூன்று சிக்கல்கள் வந்தன.

1. மைக்செட் அண்ணனிடம் இப்போது சிடி போடும் பெட்டி கிடையாது. "பென்டிரைவ்ல குடும்மா" என்று சொல்லிவிட்டார்.
2. பாட்டு 9 நிமிடம் 20 வினாடி. ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சிக்கு 4 நிமிடம்தான்.
3. சிடியில் கீறல் விழுந்திருந்தது. இரண்டு இடத்தில் "டக் டக்" என்று நின்று நின்று பாடியது.

அறிவியல் டீச்சர், "முதல்ல காப்பாத்துங்க. வெட்டுறது அப்புறம்" என்றார்கள். நம் கம்ப்யூட்டர் அறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இருப்பதால் வேலை நடந்தது. புது லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி போடும் தட்டே இருப்பதில்லை. அவற்றுக்கு யூஎஸ்பி வயரில் மாட்டும் டிவிடி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. இனி, நாங்கள் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிடிக்குள் பாட்டு எப்படி இருக்கிறது?

சோனி, பிலிப்ஸ் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து சிடியை உருவாக்கின. 1982-ல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதன் குறுக்களவு 12 செ.மீ. கனம் 1.2 மி.மீ.தான். பாலிகார்பனேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது.

சிடியில் பாட்டு ஒரே கோடாக, கொசுவர்த்திச் சுருள் மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் தொடங்கி வெளி ஓரம் நோக்கிப் போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரான். இந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும்!

கடையில் விற்கும் சினிமாப் பாட்டு சிடியில் அந்தக் கோட்டில் நுண்ணிய குழிகள் இருக்கும். ஸ்டூடியோவில் எழுதித் தரும் சிடியில் குழி இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி பட்ட இடத்தில் அந்தச் சாயம் மாறிவிடும். நம் கும்மிச் சிடி இந்த இரண்டாவது வகை. சாயம் என்பதால் வெயிலும் சூடும் இதற்கு எதிரி. ஜன்னலோரம் வைத்தால் வருஷம் போகப் போகப் பாட்டு அழிந்துவிடும்.

டிரைவில் உள்ள லேசர் ஒளி சிடியின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும். திரும்பும் ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்து 0, 1 என்று எண்களாகப் படித்துக்கொள்ளும். ஆக, சிடியில் இருப்பது குரல் இல்லை. குரலை அளந்து எழுதிய எண்கள்.

44,100 என்ற எண்

ஒரு வினாடிச் சத்தத்தை 44,100 தடவை அளந்து எழுதுகிறார்கள். ஏன் இவ்வளவு? மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஒரு அதிர்வைச் சரியாகப் பிடிக்க, அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். அப்படியானால் 40,000-க்கு மேல் வேண்டும். அந்தக் காலத்தில் இந்த எண்களை வீடியோ டேப்பில்தான் பதிந்து வைத்தார்கள். அந்த டேப்பின் கோடுகளுக்குப் பொருந்தி வந்த எண் 44,100. (ஒரு கோட்டுக்கு 3 அளவு × 245 கோடுகள் × வினாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள்.)

கணக்கு சார் சொன்ன இன்னொரு அழகு: 44,100 ஒரு முழு வர்க்க எண். 210 × 210 = 44,100. முதல் நான்கு பகா எண்களான 2, 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்கினால் 210.

ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட் இடம். இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி. எனவே,
44,100 × 2 × 2 = 1,76,400 பைட் (1 வினாடிக்கு)
1,76,400 × 60 = 1,05,84,000 பைட் (1 நிமிடத்துக்கு)
இதை 1024-ஆல் இரண்டு முறை வகுத்தால் சுமார் 10 எம்பி. ஆக, 1 நிமிடப் பாட்டுக்கு 10 எம்பி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கும்மிப் பாட்டு 94 எம்பி வந்தது.

முதல் வேலை: இது எந்த வகைச் சிடி?

சிடியைப் போட்டு உள்ளே இருப்பதைத் திறந்து பாருங்கள். பாட்டுகள் எம்பி3 ஃபைல்களாக இருந்தால் கவலையே இல்லை. மற்ற ஃபைலைப் போலவே காப்பி செய்து, கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்துவிடலாம். ஒரே சிடியில் 100 பாட்டு இருக்குமே, அது இந்த வகை.

ட்ராக் 01, ட்ராக் 02 என்று வரிசையாக இருந்து, ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டினால் அது ஆடியோ சிடி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த ட்ராக்கைக் காப்பி செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவார்கள். அங்கே போய்ப் போட்டால் பாடாது. ஏனென்றால் அது பாட்டே இல்லை. அதன் அளவு 44 பைட்தான். "இந்தப் பாட்டு சிடியில் இந்த இடத்தில் தொடங்குகிறது" என்று சொல்லும் விலாசச் சீட்டு மாதிரி. விலாசத்தை எடுத்துக்கொண்டு போனால் வீடு கூடவே வருமா? அதனால் ஆடியோ சிடியைக் காப்பி செய்ய முடியாது. 'ரிப்' செய்ய வேண்டும்.

ரிப் என்றால் கிழிப்பது என்று அர்த்தம். பயப்படாதீங்க, சிடியைக் கிழிக்க மாட்டோம். சிடியில் உள்ள எண்களை அப்படியே உருவி எடுத்து ஃபைலாக மாற்றுவதற்குத்தான் அந்தப் பெயர்.

சிலர் சிடியை ஸ்பீக்கரில் பாடவிட்டு, பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவார்கள். அதில் ஃபேன் சத்தம், நாய் குரைக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். ரிப் செய்தால் வெளிச்சத்தம் எதுவும் சேராது. நேரமும் மிச்சம். கீறல் இல்லாத சிடி என்றால் 5 நிமிடப் பாட்டு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இரண்டாவது வேலை: சிடியைத் துடைப்பது

சிரிக்காதீர்கள், இதுதான் முக்கியமான வேலை. மெல்லிய பருத்தித் துணியால், நடுத்துளையிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். தட்டு கழுவுவது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஏன்?

சிடியில் தப்பைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எண்களை எழுதும்போதே கூடுதலாகச் சில சரிபார்ப்பு எண்களையும் கலந்து எழுதியிருப்பார்கள். கோட்டின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து கெட்டுப்போனாலும், மீதி எண்களை வைத்துக் கணக்குப் போட்டு விட்டதைக் கண்டுபிடித்துவிடும். நேராகத் துடைக்கும்போது கீறல் விழுந்தாலும் அது சுருளைக் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் கெடும், அதைத் திருத்திவிடலாம். வட்டமாகக் கீறல் விழுந்தால் ஒரே சுற்றில் நீளமாகக் கெட்டுவிடும். அதைத் திருத்த முடியாது.

உங்களுக்குத் தெரியுமா? சிடியின் அடிப்பக்கம்தான் முக்கியம் என்று எல்லாரும் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். பெயர் எழுதும் மேல்பக்கம்தான் அதைவிட ஆபத்தானது! உலோகப் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதன் மேல் மெல்லிய வார்னிஷ் மட்டும்தான் உண்டு. அடிப்பக்கக் கீறலைத் துடைத்துச் சமாளிக்கலாம். மேல்பக்கம் உரிந்தால் பாட்டும் சேர்ந்து போய்விடும். அதனால் பால்பாயிண்ட் பேனாவால் சிடி மேல் அழுத்தி எழுதாதீர்கள்.

மூன்றாவது வேலை: ரிப் செய்வது

விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மீடியா பிளேயர் இருக்கும். அதில் செய்யும் முறை:

1. சிடியைப் போட்டு மீடியா பிளேயரைத் திறக்கவும். பாட்டு வரிசை தெரியும்.
2. 'ரிப் செட்டிங்ஸ்' போய், ஃபார்மேட் என்ற இடத்தில் 'வேவ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. வேண்டிய பாட்டுக்கு மட்டும் டிக் போடவும்.
4. 'ரிப் சிடி' என்பதை அழுத்தவும். முடிந்ததும் மியூசிக் ஃபோல்டரில் பாட்டு இருக்கும்.
5. உடனே பெயர் மாற்றவும். ட்ராக் 1 என்று விட்டால் பிறகு எது எந்தப் பாட்டு என்றே தெரியாது. பாட்டு, பாடியவர், வருஷம் மூன்றும் இருக்க வேண்டும்.

நம் சிடியில் கீறல் இருந்ததால் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினோம். அது சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒரே விடை வருகிறதா என்று சோதிக்கும். நாம் கணக்கை இரண்டு முறை போட்டுச் சரிபார்ப்பது போல. நல்ல சிடியில் சில நிமிடத்தில் முடியும் வேலை எங்களுக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை ஓடியது. கடைசியில் நின்று நின்று பாடிய இரண்டு இடங்களில் ஒன்று முழுசாகச் சரியானது. இன்னொன்றில், மூன்றாம் பகுதியில் ஒரு வினாடி மட்டும் மீளவில்லை. பாடியவர்களில் இப்போது இருக்கும் ஒரு அப்பத்தாவிடம் போய்ப் பாடிக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் வரும் வார்த்தையை நோட்டில் எழுதி வைத்துவிட்டோம். மெஷினால் முடியாததை அப்பத்தா சொல்லிவிட்டார்கள்!

ஏன் வேவ்? ஏன் எம்பி3 வேண்டாம்?

எம்பி3 என்பது, காதுக்கு அவ்வளவாகத் தெரியாத சத்தங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டைச் சின்னதாக்கும் முறை. 94 எம்பி பாட்டு 10 எம்பிக்குள் அடங்கிவிடும். கேட்பதற்கு அதுவே போதும். ஆனால் வெட்டி ஒட்டுவதற்கு நல்லதல்ல. ஒவ்வொரு முறை எம்பி3 ஆகச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போய்விடும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அது போல. வேவ் ஃபைலில் எதுவும் போகாது. அதனால் வேலை எல்லாம் வேவில் செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை எம்பி3 ஆக்க வேண்டும்.

நான்காவது வேலை: வெட்டி ஒட்டுவது

இதற்கு 'ஆடாசிட்டி' என்ற சாஃப்ட்வேர். முற்றிலும் இலவசம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். சிடியிலிருந்து நேராக இதற்குள் பாட்டைக் கொண்டுவர விண்டோஸில் முடியாது. அதனால்தான் முதலில் ரிப் செய்தோம்.

வேலை தொடங்கும் முன் வேவ் ஃபைலை இன்னொரு காப்பி எடுத்து, காப்பியில்தான் கை வைக்க வேண்டும். மூலம் அப்படியே இருக்கட்டும்.

'ஃபைல்', 'இம்போர்ட்' என்று போய்ப் பாட்டைத் திறந்தால் நீல நிற அலைகள் தெரியும். சத்தம் கூடினால் அலை உயரும், குறைந்தால் தாழும். கும்மிப் பாட்டில் ஒவ்வொரு கைத்தட்டும் பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். அது எங்களுக்கு மிகவும் உதவியது.

பாட்டில் தொடக்கக் குலவையும் கைத்தட்டும் 40 வினாடி. பிறகு எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் 65 வினாடி. 4 நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றால் மூன்று பகுதிதான் வைக்க முடியும். எதை வைப்பது என்று பெரிய பேச்சு நடந்தது. முதல் பகுதி பிள்ளையாருக்கு, அதை எடுக்கக் கூடாது. கடைசிப் பகுதி முளைப்பாரியைக் கரைத்து வழியனுப்புவது, அதுவும் வேண்டும். நடுவில் எது? சிலர் ஆடுவதற்கு வேகமாக இருக்கும் இரண்டாம் பகுதியைக் கேட்டார்கள். ஏழாம் வகுப்புத் தங்கை ஒன்றும் பேசாமல் நின்றாள். ஐந்தாம் பகுதி நம் ஊர்க் கண்மாயைப் பற்றியது. அதில் அவள் அப்பத்தா தனியாக இரண்டு அடி பாடுவார்கள். கடைசியில் எல்லாரும் ஐந்தாம் பகுதிக்கே கை தூக்கினோம். 40 வினாடியும் மூன்று 65 வினாடியும் சேர்ந்து 235 வினாடி, அதாவது 3 நிமிடம் 55 வினாடி. சரியாகப் பொருந்தியது.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை:

* கைத்தட்டுக்குச் சற்று முன்னால் தொடங்கி, இன்னொரு கைத்தட்டுக்குச் சற்று முன்னால் வரை மவுஸால் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். அப்போதுதான் தாளம் தப்பாது. நடுவில் வெட்டினால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.
* தேர்ந்தெடுத்த பின் கீபோர்டில் 'இசட்' எழுத்தைத் தட்டவும். அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு வெட்டு நகரும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் "டிக்" என்று சத்தம் வரும்.
* தப்பாக வெட்டிவிட்டால் 'கண்ட்ரோல்' பட்டனையும் 'இசட்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.
* கடைசி 4 வினாடியைத் தேர்ந்தெடுத்து 'ஃபேட் அவுட்' கொடுத்தால் பாட்டு மெதுவாகத் தேய்ந்து முடியும்.
* பதிவில் "உஸ்ஸ்" என்ற இரைச்சல் இருந்தால், யாரும் பாடாத ஒரு துண்டைக் காட்டி 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' செய்யலாம். அதிகம் செய்தால் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடும். நாங்கள் கொஞ்சமாகத்தான் செய்தோம்.
* சத்தம் குறைவாக இருந்தால் 'ஆம்ப்ளிஃபை'. அலை மேல் கோட்டை இடிக்கும் அளவுக்கு ஏற்றினால் குரல் கரகரக்கும்.

முடிந்ததும் 'சேவ்' மட்டும் செய்தால் ஆடாசிட்டியில்தான் திறக்கும். மைக்செட்டில் பாட வேண்டும் என்றால் 'எக்ஸ்போர்ட்' போய் எம்பி3 ஆக்க வேண்டும். 192 கேபிபிஎஸ் என்று வைத்தோம். ஐந்தரை எம்பி வந்தது.

ஒரு முக்கியமான விஷயம்

பாட்டு கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது என்பதால் அது நம் சொந்தம் ஆகிவிடாது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பாடல் பதிவு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அதற்கு உரிமை உண்டு. ரிப் செய்த சினிமாப் பாட்டை விற்பதோ இணையத்தில் ஏற்றுவதோ தவறு. நம் ஊர்ப் பாட்டு என்றாலும், பாடிய ஏழு பேரின் வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஏழு வீட்டிலும் சம்மதித்தார்கள். எங்களுக்கும் ஒரு காப்பி கொடுங்கள் என்றார்கள். முழுப் பாட்டும் இப்போது பள்ளிக் கம்ப்யூட்டரிலும், டீச்சரின் பென்டிரைவிலும், அந்த ஏழு வீட்டுச் செல்போனிலும் இருக்கிறது. ஒரே இடத்தில் இருந்தால் தொலையும். பல இடத்தில் இருந்தால் பிழைக்கும்.

உங்கள் வீட்டு பீரோவில், டிவி பெட்டிக்கு அடியில், பரணில் பழைய சிடி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிடி கிளி விரட்டும் பொருள் என்று தோட்டத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கட்டும் முன் அதில் யார் குரல் இருக்கிறது என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பாடவேளையில் டீச்சர் அனுமதியோடு கம்ப்யூட்டர் அறையில் இருப்போம். உறையில் போட்டு, ஓரத்தைப் பிடித்து, வெயில் படாமல் கொண்டு வாருங்கள்.

யோசித்துப் பாருங்கள்: ஒரு ஆடியோ சிடியில் 74 நிமிடம் பாட்டு இருக்கிறது. அதை முழுவதும் வேவ் ஃபைலாக ரிப் செய்தால் மொத்தம் எத்தனை பைட் வரும்? இந்தக் கட்டுரையில் உள்ள எண்ணை வைத்தே போடலாம். விடையை எழுதி வகுப்புத் தலைவரிடம் கொடுங்கள். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த சுவர் இதழில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி